டொலேடோவுக்கு ஒரு நாள்: தனி கைடு வைத்துச் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வேலை நிமித்தமாக மாட்ரிட்டில் இருந்த காலத்தில், ஊரிலிருந்து யார் வந்தாலும் மூன்றாம் நாள் டொலேடோவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாகிவிட்டது. முதல் தடவை ஐம்பது பேரோடு பெரிய பேருந்தில் போனேன். ஒரு குடையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிய பெண்மணியின் முதுகைத்தான் அன்று அதிகம் பார்த்தேன். அடுத்த தடவை யாரையும் நம்பாமல் போன் வரைபடத்தோடு கிளம்பி, ஒரே சந்தின் முனைக்கு மூன்று முறை வந்து நின்றேன். அப்பா அம்மா வந்தபோதுதான் எங்கள் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு கைடு வைத்தோம். அந்த ஊர் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நாலைந்து தடவை அதே முறையில் போயிருக்கிறேன். செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏன் இந்த ஊருக்குக் கைடு வேண்டும்?

டொலேடோ மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். ஒரு கருங்கல் குன்று. மூன்று பக்கமும் தாகஸ் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எதிரி வரக்கூடியது வடக்குப் பக்கம் மட்டும்தான், அதனால் ரோமானியர் தொடங்கி எல்லோருக்கும் இந்தக் குன்றின் மேல் ஆசை. விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்து அரசர்களின் தலைநகராக இருந்தது. 8ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சிக்குப் போனது. 1085இல் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்போன்சோ பிடித்தார். 1561இல் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்டு போனதும் ஊரின் காசும் கூடவே போய்விட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட வசதியில்லாத வீட்டில் பழைய தூண்கள் தப்பிப் பிழைக்குமே, அந்த மாதிரி டொலேடோ தப்பியது. 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

இங்கே கட்டடங்கள் கைமாறிக்கொண்டே வந்திருக்கின்றன. யூதத் தொழுகைக்கூடம் தேவாலயமாகியிருக்கும், அதைக் கட்டிய கொத்தர்கள் முஸ்லிம் பாணியில் கை தேர்ந்தவர்களாக இருப்பார்கள், இன்றைக்கு அது அருங்காட்சியகம். சொல்ல ஆளில்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தூணைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவோம்.

படி 1: எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

இணையத்தில் 'தனிப்பட்ட ஒரு நாள் சுற்றுலா' என்று தேடினால் மூன்று வகைச் சரக்கு ஒரே பெயரில் வரும்.

ஒன்று, காரும் ஓட்டுநரும். மாட்ரிட் விடுதியிலிருந்து ஏற்றி, டொலேடோவில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றுவார். வழியில் ஏதாவது சொல்வார். ஆனால் பழைய ஊருக்குள் உங்களோடு நடந்து வரமாட்டார். படத்தில் பளபளக்கும் வண்டியைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நானும் ஒரு தடவை ஏமாந்தேன்.

இரண்டாவது, மாட்ரிட்டிலிருந்தே கூட வரும் கைடு, வண்டியோடு. வசதிதான். ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இரண்டுக்கும் கைடு கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, நீங்களே ரயிலில் போய் இறங்க, டொலேடோவிலேயே வசிக்கும் கைடு நிலையத்திலோ மேலே ஊருக்குள் இருக்கும் சோகொடோவர் சதுக்கத்திலோ உங்களைச் சந்திப்பது. என் ஓட்டு இதற்குத்தான். எந்தத் தேவாலயத்தில் இன்றைக்குக் கல்யாணம், எந்தச் சந்தில் மராமத்து என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். சக்கர நாற்காலியோ, கைக்குழந்தையோ, முட்டி வலிக்காரரோ கூட இருந்தால் மட்டும் வண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் வண்டி தனி, உள்ளூர்க் கைடு தனி என்று கேட்டுப் பாருங்கள்.

கைடு கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இத்தனை என்று இருக்காது, குழுவுக்கு இத்தனை என்றுதான் இருக்கும். ஆகவே இரண்டு பேருக்குக் கடிக்கும்; ஐந்தாறு பேர் பங்கிட்டால் பெரிய பேருந்துச் சுற்றுலாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

படி 2: நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். எல் திரான்சிதோ என்ற யூதத் தொழுகைக்கூடமும், இந்த ஊரில் வாழ்ந்த 16ஆம் நூற்றாண்டு ஓவியர் எல் கிரேக்கோவின் அருங்காட்சியகமும் அன்று விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேறு சிக்கல்: காலையில் கதீட்ரலில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் அனுமதி, திரான்சிதோவோ பிற்பகல் 3 மணிக்கே மூடிவிடும். இரண்டையும் பொருத்தப் பார்த்தால் நாள் கிழிந்துவிடும். சனிக்கிழமை மாட்ரிட்காரர்களே கிளம்பி வந்துவிடுவார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை, அதுதான் சரி.

ஜூலை, ஆகஸ்ட் மாத மதியங்களில் 35 டிகிரிக்கு மேல் போகும். நம் ஊர் வெயில் பழகியவர்கள் என்று மார்தட்டாதீர்கள், கருங்கல் தரை கீழிருந்தும் சுடும். ஏப்ரல், மே, அக்டோபர் சுகம்.

கார்ப்புஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்கத் திருநாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஈஸ்டர் முடிந்து அறுபதாம் நாள், ஒரு வியாழக்கிழமை வரும். ஊர்வலம் போகும் வீதிகளுக்கு மேலே துணிப்பந்தல் கட்டி, தரையில் நறுமணச் செடிகளைத் தூவி, கதீட்ரலின் பெரிய வெள்ளித் தேர்போன்ற பேழையை வெளியே எடுத்து வருவார்கள். திருவிழாவுக்காகவே போவதென்றால் அன்று போகலாம். ஊர் பார்க்கவென்றால் அந்த வாரமே வேண்டாம்.

படி 3: கைடைப் பிடிப்பது

ஸ்பெயினில் சுற்றுலாக் கைடுகளுக்கு மாநில அரசு தரும் அங்கீகாரம் உண்டு. அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இருப்பவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். பிறகு நான் அனுப்பும் கடிதம் இவ்வளவுதான்:

"நாங்கள் நான்கு பேர், அதில் இருவர் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். காலை பத்து மணிக்கு ரயிலில் வந்து இறங்குவோம். கதீட்ரல், சாந்தோ தோமே தேவாலயம், இரண்டு யூதத் தொழுகைக்கூடங்கள் கட்டாயம். மற்றவை உங்கள் விருப்பம். நடை மெதுவாக இருக்கும். கடைகளுக்குப் போக வேண்டாம். நடுவில் ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கு நாங்கள் தனியாகப் போவோம், அந்த நேரம் கட்டணத்தில் சேருமா? நுழைவுச் சீட்டு, வரி இரண்டும் நீங்கள் சொல்லும் தொகைக்குள் அடக்கமா?"

கடைசிக் கேள்வி முக்கியம். ஸ்பெயினில் பொது வரி விகிதம் 21 சதவீதம். 'முந்நூறு யூரோ' என்று சொல்லி, வரி தனி என்றால் 63 யூரோ கூடிவிடும். நுழைவுச் சீட்டுகள் பெரும்பாலும் தனிக்கணக்குதான்; முன்கூட்டியே தெரிந்தால் சண்டை இல்லை.

'கடைகளுக்குப் போக வேண்டாம்' என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். நண்பர் குடும்பத்துக்காக ஒரு தடவை நான் ஏற்பாடு செய்த கைடு, "ஐந்தே நிமிடம், பாரம்பரியத் தொழிலைப் பார்க்கலாம்" என்று ஒரு கத்திக் கடைக்குள் அழைத்துப்போனார். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தோம். நண்பர் கையில் ஒரு டிராகன் வாள். அதை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்ற கவலையிலேயே அன்றைய மீதிப்பொழுது கழிந்தது. தொழுகைக்கூடம் ஒன்று விட்டுப்போனது.

பதில் கடிதத்தை வைத்தே ஆளை எடை போடலாம். பதினைந்து இடங்களின் பட்டியலை ஒட்டி அனுப்புகிறவரை விடுங்கள். "பெரியவர்களுக்குக் கிறிஸ்தோ டே லா லூஸ் பழைய பள்ளிவாசலுக்குப் போகும் இறக்கம் சிரமமாக இருக்கும், காலையில் பார்த்து முடிவு செய்யலாம்" என்று எழுதுகிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ரயில், சீட்டு, செருப்பு

மாட்ரிட் அதோச்சா நிலையத்திலிருந்து 'அவான்ட்' என்ற அதிவேக ரயில், டொலேடோவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இருக்கை எண்ணோடு வரும் சீட்டு. நின்றுகொண்டு போகும் கதையெல்லாம் கிடையாது. வார இறுதியில் காலை வண்டிகள் நிரம்பிவிடும், போகவும் வரவும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள். நிலையத்தில் பைகளை இயந்திரத்தில் விட்டுச் சோதிப்பார்கள், இருபது நிமிடம் முன்னால் போய்விடுவது நல்லது. ரயில் சீட்டு கிடைக்காவிட்டால் மாட்ரிட்டின் பிளாசா எலிப்திகாவிலிருந்து பேருந்து இருக்கிறது, நேரம் இரட்டிப்பாகும்.

டொலேடோவில் சுற்றுலாக் கைப்பட்டை ஒன்று விற்கிறார்கள், மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் ஏழு இடங்களுக்குள் போகலாம். சாந்தோ தோமே, சாந்தா மரியா லா பிளாங்கா, சான் ஹுவான் டே லோஸ் ரேயெஸ், கிறிஸ்தோ டே லா லூஸ் நான்கும் அதில் உண்டு. கதீட்ரலும் திரான்சிதோவும் அதில் இல்லை, அவற்றுக்குத் தனிச் சீட்டு. கைப்பட்டையைக் கழற்றினால் செல்லாது. குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

தரை முழுக்கக் கூழாங்கல் பதித்த சரிவு. தோல் செருப்பு வழுக்கும். ஏற்றத்தைக் குறைக்க ஊரின் வடமேற்கில் ரெகாரேடோ, கிழக்கில் சஃபோன்ட் என்று திறந்தவெளி நகரும் படிக்கட்டுகள் மலைச்சரிவிலேயே போட்டிருக்கிறார்கள். வாடகைக் காரில் வருகிறவர்கள் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு இவற்றில் ஏறி வரலாம். பழைய ஊருக்குள் காரை ஓட்டிக்கொண்டு போகும் எண்ணத்தை மறந்துவிடுங்கள்.

படி 5: காலை — மேலிருந்து தொடங்குங்கள்

ரயிலை விட்டு இறங்கியதும் அவசரப்பட்டு வெளியே ஓடாதீர்கள். 1919இல் திறந்த அந்த நிலையமே ஒரு குட்டி அரண்மனை: குதிரைலாட வளைவுகள், வண்ண ஓடுகள், மரக் கூரை. ஐந்து நிமிடம் போதும். பிறகு டாக்சி பிடித்து சோகொடோவர் சதுக்கத்துக்கு ஏறிவிடுங்கள். நடந்து ஏறினால் அல்காந்தரா பாலம் வழியாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் பத்தரை மணிக்கே பெரியவர்களின் கால் தீர்ந்துவிடும். திட்டத்தின் அடிப்படையே இதுதான்: உச்சிக்கு வண்டியில் ஏறு, பிறகு நாள் முழுக்க மேற்கு நோக்கி மெல்ல இறங்கு.

சோகொடோவர் என்பது அரபிலிருந்து வந்த பெயர், கால்நடைச் சந்தை என்று பொருள். இன்றைக்கு மாட்டுக்குப் பதில் மக்கள். அங்கிருந்து சில நிமிட இறக்கத்தில் கிறிஸ்தோ டே லா லூஸ் இருக்கிறது, பிற்பாடு தேவாலயமாகிய பழைய பள்ளிவாசல். கால் ஒத்துழைத்தால் விடாதீர்கள். சுமார் எட்டு மீட்டர்தான் நீள அகலம், நம் ஊர்த் தெருமுனைப் பள்ளிவாசல் அளவு. முகப்புச் செங்கல்லிலேயே அரபு எழுத்தில் கட்டி முடித்த ஆண்டைப் பதித்திருக்கிறார்கள். நம் கணக்கில் 999. உள்ளே ஒன்பது சிறு விதானங்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. கழுத்து வலிக்க ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆறாம் அல்போன்சோவின் குதிரை இந்த இடத்தில் மண்டியிட்டது, சுவரைத் தோண்டினால் உள்ளே அணையாத விளக்கோடு சிலுவை இருந்தது என்று தலபுராணம் உண்டு. கைடுகள் அதை ரசித்துச் சொல்வார்கள்.

அடுத்து கதீட்ரல். இதற்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

1226இல் அடிக்கல் நாட்டி 1493இல் கூரை முடிந்த கட்டடம். 120 மீட்டர் நீளம், 88 தூண்கள். எண்கள் மறந்துபோகும், உள்ளே போனதும் அம்மா சொன்னது மறக்கவில்லை: "ஆயிரங்கால் மண்டபத்தைத் தூக்கி நிறுத்தின மாதிரி இருக்கு." எல்லா மூலையையும் பார்க்க முயன்றால் சோர்ந்துவிடுவீர்கள். கைடிடம் இவற்றைக் கேளுங்கள்:

பாடகர் குழு இருக்கைகளின் கீழ் வரிசை. ரோட்ரிகோ அலெமான் என்ற சிற்பி, முஸ்லிம் அரசாக இருந்த கிரானடாவைப் பிடிக்க நடந்த போரை மரத்தில் 54 காட்சிகளாகச் செதுக்கியிருக்கிறார். போர் முடிவதற்கு முன்பே தொடங்கிய வேலை, கிட்டத்தட்ட அன்றைய செய்தித்தாள்.

பீடத்தின் பின்புறம் உள்ள திரான்ஸ்பரேன்தே. உள்ளே இருட்டாக இருக்கிறது என்று நார்சிசோ தோமே என்பவர் 18ஆம் நூற்றாண்டில் கூரையையே துளைத்து வெளிச்சத்தை இறக்கிவிட்டார். வெயிலடிக்கும் காலையில் பார்த்தால், பளிங்கு மேகங்களும் தேவதூதர்களும் அந்த ஒளியில் மிதக்கும். சிலருக்கு இது அளவுக்கு மீறிய அலங்காரமாகத் தோன்றும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தோன்றியது.

அங்கிருந்து நகரும்போது அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து சில சிவப்புத் தொப்பிகள் தொங்கும். கீழே புதைக்கப்பட்ட கர்தினால்களுடையவை. தானாக நைந்து விழும்வரை அவற்றை யாரும் தொடுவதில்லை.

கதீட்ரலின் பொருட்சாலையில் என்ரிகே டே ஆர்ஃபே என்ற பொற்கொல்லர் செய்த பேழை, சுமார் மூன்று மீட்டர் உயரம். கார்ப்புஸ் திருநாளில் வீதிக்கு வருவது இதுதான். உள்ளே இருக்கும் தங்கப் பகுதிக்கு, அமெரிக்காவிலிருந்து முதன்முதலாக வந்த தங்கத்தைப் பயன்படுத்தினார்கள் என்பார்கள். கடைசியாக சாக்ரிஸ்டி, அதாவது குருமார் வழிபாட்டு உடை, பொருள்கள் வைக்கும் அறை. எல் கிரேக்கோ 1577இல் ஊருக்கு வந்த புதிதில் வரைந்த, ஆடை களையப்படும் கிறிஸ்துவின் ஓவியம். அந்தச் சிவப்பு அங்கி கண்ணைவிட்டு அகலாது. கூட்டத்தின் தலைகள் கிறிஸ்துவின் தலைக்கு மேலே தெரிகின்றன என்று குறை சொல்லி, கதீட்ரல்காரர்கள் கூலியைக் குறைத்தார்கள். கலைஞனுக்குக் கூலி பேசும் தகராறு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் எங்கள் கைடு சதுக்கத்தில் நிறுத்தி முகப்பைக் காட்டினார். இடது பக்கம் உயரமான கோபுரம். வலது பக்கம் அதற்கு ஜோடி இல்லை, பதிலுக்கு ஒரு குவிமாடம் உட்கார்ந்திருந்தது. "இதை யார் கட்டினார் என்று மதியம் சொல்கிறேன். அதுவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்ததோடு சரி.

ராணுவ அருங்காட்சியகம் இருக்கும் அல்கசார் கோட்டையை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆயுதங்களில் பைத்தியம் உள்ளவர்களுக்கு அரை நாள் வேண்டும்; மற்றவர்களுக்கு வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

படி 6: சாப்பாடு

ஒன்றரை மணிக்கு முன்னால் சமையலறை திறக்காது. இரண்டு மணிக்குமேல்தான் கூட்டம். ஒன்றரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் இடம் உறுதி. வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று கேளுங்கள்: இரண்டு வகை உணவு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. நம்ம ஊர் 'மீல்ஸ்' என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவக்காரர்களுக்கு இந்த ஊரில் கௌதாரிக் குழம்பு பேர்போனது. சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இங்கே பன்றித் தொடைக்கறியை இறைச்சி வகையில் சேர்க்காமல், கொத்தமல்லித்தழை தூவுவதுபோல் தூவிவிடுகிறார்கள். தக்காளிக் குளிர்சூப் 'சல்மொரேஹோ' மேலே அது இருக்கும். சாலட்டில் சூரை மீன் இருக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது, "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி வேண்டாம், ஹாம் வேண்டாம், மீன் வேண்டாம். பிஸ்தோ மான்செகோ நம்பிக் கேட்கலாம். தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் இனத்துச் சீமைக்காய் எல்லாம் எண்ணெயில் வதங்கி, கிட்டத்தட்ட நம் கூட்டுதான். மேலே முட்டை பொரித்துப் போடுவார்கள், வேண்டாமென்றால் அதையும் சொல்லவேண்டும். செம்மறிப் பாலில் செய்த மான்செகோ சீஸ் இந்தப் பக்கத்துச் சரக்கு. கைடைக் கொண்டு உணவகத்துக்குக் காலையிலேயே போன் செய்யச் சொல்லிவிடுவது உத்தமம்.

படி 7: மதியம் — யூதர் பகுதி

மூன்று மணிக்கு சாந்தோ தோமே. சிறிய தேவாலயம், ஒரே ஒரு ஓவியத்துக்காகப் போகிறோம்: எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை வரைந்த 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்'. 4.8 மீட்டர் உயரம். எந்த இடத்துக்காக வரைந்தாரோ அந்த இடத்திலேயே, பிரபுவின் கல்லறைக்கு மேலேயே இருக்கிறது.

இதன் பின்கதை நம் கோயில் கல்வெட்டு படித்தவர்களுக்குப் பிடிக்கும். பிரபு இறந்தது 1323இல். ஓர்காஸ் ஊரார் இந்தத் தேவாலயத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு ஆட்டுக்கடா, பதினாறு கோழி, இரண்டு தோல்பை திராட்சைமது, இரண்டு சுமை விறகு, 800 மரவேதி நாணயம் தரவேண்டும் என்று நிவந்தம் எழுதி வைத்துவிட்டுப் போனார். இருநூறு ஆண்டுகளுக்குமேல் கொடுத்து வந்தவர்கள் 1564இல் நிறுத்திவிட்டார்கள். பங்குச் சாமியார் வழக்குப் போட்டு ஜெயித்தார். பிற்பாடு, இனி யாரும் மறக்காதபடி இந்தப் படத்தை வரையச் சொன்னார்.

பிரபுவின் உடலை இரண்டு புனிதர்கள் வானத்திலிருந்து வந்து தாங்கிப் பிடிக்கிறார்கள். சுற்றிலும் கறுப்பு உடையில் ஊர்ப் பெரியமனிதர்கள், ஓவியரின் காலத்து முகங்கள். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். எங்கள் கைடு கீழே இடது மூலையைக் காட்டினார். அங்கே கையில் தீப்பந்தத்தோடு ஒரு சிறுவன், நம்மைப் பார்த்தபடி, மறு கை விரலால் பிரபுவைச் சுட்டுகிறான். பையிலிருந்து ஒரு கைக்குட்டை எட்டிப் பார்க்கிறது. அதில் கிரேக்க எழுத்தில் ஓவியரின் கையெழுத்து, கூடவே 1578 என்ற ஆண்டு. படம் வரைந்த ஆண்டு அதுவல்லவே என்று விழித்தோம். "அது பையன் பிறந்த ஆண்டு. ஓவியரின் மகன், ஹோர்ஹே மனுவேல். காலையில் ஒரு குவிமாடம் பார்த்தீர்களே, பெரியவனாகி அதைக் கட்டியவர் இவர்தான்." அப்பா அந்த மூலையைவிட்டு நகரவே இல்லை. பின்னால் வந்த குழு முண்டியடித்தபோதும் இடம் விடவில்லை.

அங்கிருந்து கீழே இறங்கினால் எல் திரான்சிதோ. கஸ்தீலிய நாட்டு அரசர் முதலாம் பேத்ரோவின் கருவூலப் பொறுப்பாளர் சாமுவேல் ஹா-லேவி 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. சுவரின் மேற்பகுதி முழுக்கச் சுதைவேலை: எபிரேய வாசகங்கள், அரபு எழுத்து, நடுவில் கஸ்தீலிய அரசின் கோட்டைச் சின்னம், மூன்றும் ஒரே கூடத்தில். அரசர் பிற்பாடு அதே சாமுவேலைப் பிடித்துச் சித்திரவதை செய்ததில் அவர் சிறையில் இறந்தார். 1492இல் மதம் மாற மறுத்த யூதர்கள் அனைவரையும் ஸ்பெயினை விட்டு விரட்டினார்கள். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தைக் கைடு வேகமாகக் கடக்கப் பார்ப்பார். நிறுத்தி, கல்லறைக் கற்கள் இருக்கும் முற்றத்தைக் கேளுங்கள்.

ஐந்து நிமிட நடையில் சாந்தா மரியா லா பிளாங்கா: வெள்ளைத் தூண்களும் குதிரைலாட வளைவுகளும் வரிசை வரிசையாக. பார்த்தால் பள்ளிவாசல் என்பீர்கள், கட்டியது யூதர்களுக்காக, பெயரோ மாதாவின் பெயர். ஓரமாக உட்கார்ந்து பத்து நிமிடம் ஓய்வெடுங்கள். கைடிடம் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிக் கேட்க இதுவே நல்ல இடம். 12ஆம் நூற்றாண்டில் கிரேக்க, அரபு அறிவியல் நூல்கள் இந்த ஊரில்தான் மொத்தம் மொத்தமாக லத்தீனுக்குப் போயின. டொலேடோவில் பிறந்த பத்தாம் அல்போன்சோ, இளவரசராக இருந்தபோது 1251இல் அரபிலிருந்து கஸ்தீலியத்துக்கு, அதாவது ஸ்பானிய மொழிக்கு, கொண்டுவரச் செய்த 'கலீலா வ திம்னா' வேறொன்றும் இல்லை, நம் பஞ்சதந்திரத்தின் பேரப்பிள்ளை. அந்த இரண்டு நரிகளும் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கின்றன.

கடைசியாக சான் ஹுவான் டே லோஸ் ரேயெஸ் மடாலயம். அரசி இசபெல்லாவும் அவர் கணவர் அரசர் ஃபெர்டினாண்டும் தங்களைப் புதைக்க வேண்டும் என்று கட்டியது. கிரானடாவைப் பிடித்ததும் மனம் மாறி அங்கேயே புதைக்கச் சொல்லிவிட்டார்கள். வெளிச்சுவரில் துருப்பிடித்த சங்கிலிகள் தொங்கும், கிரானடாவில் மீட்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகள் பூட்டப்பட்டிருந்தவை. நேரமில்லாவிட்டால் அவற்றை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம்.

படி 8: வாங்குவது

மர்சிபான் வாங்குங்கள். பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்தது, முந்திரி கத்லியின் மேற்கத்திய அக்கா. 'டொலேடோ' முத்திரை உள்ளதில் பாதிக்குப் பாதியாவது பாதாம் இருக்க வேண்டும் என்பது விதி. கறுப்பு எஃகில் தங்க இழை பதிக்கும் தமாஸ்கீன் நகையும் இந்த ஊர்க் கைவேலை. கடையில் முக்கால்வாசி இயந்திர அச்சு. கைவேலை செய்கிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் இழையைத் தட்டிக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்து வாங்கினால் போதும். வாள் வேண்டாம், நண்பரின் டிராகன் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

படி 9: ஆற்றுக்கு அந்தப்பக்கம்

மடாலயத்துக்குக் கீழேயே சான் மார்தின் பாலம். கைடுக்கு அங்கேயே விடை கொடுத்துவிடலாம். அன்பளிப்பு கட்டாயமில்லை, மனம் நிறைந்தால் கொடுங்கள், எதிர்பார்த்து நிற்க மாட்டார்கள். விடைபெறும் முன் அவரிடமே ஒரு டாக்சிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், இதை மறந்தால் பாலத்தில் நின்று தவிப்பீர்கள். டாக்சி ஆற்றைச் சுற்றி மிராதோர் தெல் வாயே என்ற மேட்டில் நிறுத்தும். முழு ஊரும் எதிரே: இடையில் ஆறு, கதீட்ரல் கோபுரம், அல்கசாரின் நான்கு மூலை. சாயங்கால வெயிலில் கல்லெல்லாம் தேன் நிறமாகும். காத்திருப்புக்கும் சேர்த்துத் தொகை பேசிக்கொண்டு, அதே வண்டியில் நேராக ரயில் நிலையம் போய்விடுங்கள். மேட்டில் இறங்கிவிட்டு வண்டியை அனுப்பிவிட்டால் திரும்ப ஒன்று கிடைப்பது கஷ்டம்.

திரும்பும் ரயிலை ஏழு மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது ஏழரை. ஏறி உட்கார்ந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மர்சிபான் பெட்டியைத் திறந்தார். அதோச்சா வருவதற்குள் பாதி காலி.